டைனமோவைக் கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

களக்காட்டில் விடிய விடிய வாழைத்தார் ஏற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லோடு வண்டியைத் தள்ளவும் முடியாது. பேட்டரி போச்சு என்பார் ஒருவர், செல்ஃப் மோட்டார் போச்சு என்பார் இன்னொருவர். பத்துப் பதினைந்து வருட பிக்கப்பில் இரண்டுமே நன்றாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

காமன் ரெயில் வருவதற்கு முந்தைய டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. பம்பும் இயந்திர விசையில் ஓடுவது. ஸ்டார்ட் ஆகிவிட்டால் டீசலை அடைக்கும் சொலினாய்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், சில வண்டிகளில் அதுவும் வேண்டாம். அதனால் டைனமோ சார்ஜ் செய்யாவிட்டாலும் வண்டி பகல் முழுக்க ஓடும். இருட்டியபின் ஹெட்லைட் மங்கும், மறுநாள் காலை செல்ஃப் அடிக்காது. பழுது நேற்றையது, பழி இன்றைய பேட்டரிக்கு.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் இந்த வழக்கைத் தீர்க்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஏறவே இல்லையென்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். அடுத்து, சாவி போட்டதும் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிகிறதா? பல பழைய வண்டிகளில் டைனமோவை எழுப்பும் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸானால் நல்ல டைனமோவும் சும்மா சுற்றும்.

பிரேக்குக்கான வாக்குவம் பம்ப் பல டீசல் பிக்கப்புகளில் டைனமோவின் முதுகிலேயே இருக்கிறது. அதன் ஆயில் சீல் கசிந்தால் கார்பன் பிரஷ் எண்ணெயில் ஊறி சார்ஜ் விட்டுவிட்டு வரும். பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்பதோடு பிரேக்கும் கல்லாகிவிடும். புளியரை இறக்கத்தில் அது வேடிக்கையில்லை.

இனி எர்த். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பேட்டரிக்குத் திரும்ப, இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் பட்டையும் பேட்டரியின் மைனஸ் கேபிளும்தான் வழி. பட்டையின் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறினால் வழி குறுகிவிடும். மீட்டரின் சிவப்பு முனையை இன்ஜின் இரும்பிலும், கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் குமிழிலும் (கிளாம்ப்பில் அல்ல, குமிழில்) வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கோளாறுதான். பட்டையைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குகிறதா? அது பின்விளக்கின் எர்த்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி வெள்ளம் புகுந்த தெருக்களில் நின்ற வண்டிகளில் எர்த்தைக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். கனெக்டருக்குள் புகுந்த சேற்றுத்தண்ணீர் காய்ந்த பிறகும் செம்பில் பச்சைக் களிம்பு ஏறிக்கொண்டே இருக்கும். ஒயர் வெளியே புதிதாகத் தெரியும், உள்ளே பொடிந்திருக்கும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய வித்தையை யாரையும் செய்ய விடாதீர்கள். அப்போது எகிறும் வோல்டேஜில் டயோடு போய்விடும். ஃபியூஸ் மறுபடி மறுபடி போனால் ஒயரை முறுக்கிச் செருகாதீர்கள். தேய்ந்த ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. கூடுதல் விளக்கு, பாட்டு செட் என்று பிறகு இழுத்த ஒயர்களிலிருந்து தேடுவது நல்லது. எதைத் தொடும் முன்பும் மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள்.

கடையில் புதிய டைனமோ போட வேண்டும் என்றால், மீட்டர் வைத்து ரீடிங்கைக் காட்டச் சொல்லிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.