பழைய ஜீப்பும் வீட்டுப் பட்டறையும்

மோட்டார் வண்டி ஒன்றுக்கு முப்பது நாற்பது வயதாகிவிட்டதென்றால், அதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதே புத்திசாலித்தனம் என்று தீர்ப்புக் கூறுவோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். பட்டணத்துத் தார் ரஸ்தாவிலே காலையில் காரியாலயத்திற்கும் மாலையில் கடைத் தெருவிற்கும் போய் வருகிறவர்களுக்கு இவ்வார்த்தை பொருந்தலாம். ஆனால், போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன்னே புறப்பட்டு ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்பின் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்! சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாதையைக் கண்டவர்கள், அதைப் பாதை என்று அழைப்பதற்கே தயங்குவர். பாறையும் பள்ளமுமாய்க் கிடக்கும் அவ்வழியில் ஜீப்புகளே இன்றும் ஏறி இறங்குகின்றன. அத்தகைய ஊர்களில் வண்டி ஒரு வாரம் படுத்துவிட்டால் ஒரு வாரத்துக் கூலி போயிற்று. பிரேக் ஒரு முறை தவறினாலோ, போவது கூலி மட்டுமன்று. ஆகவே, பழைய ஜீப்பை அதன் சொந்தக்காரர் தாமே பேணவும் பழுது பார்க்கவும் அறிந்திருத்தல் பொழுதுபோக்கல்ல, ஜீவனத்தையும் உயிரையும் பற்றிய விஷயம் என்பதே நமது அபிப்பிராயம்.

இவ்வண்டி பிறந்த வரலாறே இதற்குச் சாதகமாயிருக்கிறது. 1940 ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவத்தார், சிறிய வண்டி ஒன்றின் மாதிரியை 49 நாட்களுக்குள் ஒப்புவிக்க வேண்டுமென்று கேட்டனர். பென்ஸில்வேனியாவிலுள்ள பட்லர் நகரத்துப் பான்டம் கம்பெனியார் அதை ஏற்றுச் செய்து முடித்தனர். பிறகு வில்லிஸ், போர்டு என்னும் இரண்டு பெரிய கம்பெனிகள் அதைத் திருத்தி, யுத்தம் முடியுமுன் ஆறு லக்ஷத்திற்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. போர்முனையில், சேற்றில், சாமானிய சிப்பாய் ஒருவன் கையிலுள்ள சில கருவிகளைக் கொண்டே பழுது பார்க்கத்தக்கதாக அது அமைந்திருக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலே, 1945 இல் மஹிந்திரா அண்டு முஹம்மது என்ற பெயருடன் தொடங்கி 1948 இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆன கம்பெனியார், முதலில் வில்லிஸ் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டிக் கொடுத்தனர். பின்னர்ப் படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யலாயினர். நம் மலையூர்களில் இன்னும் காணப்படும் உயர்ந்த பானெட்டுள்ள ஸி.ஜே.3பி வண்டி இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. அதில் கம்ப்யூட்டர் இல்லை, சென்ஸார் இல்லை. நான்கு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், அவ்வளவே.

முதலில் கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வண்டியின் திருகாணிகள் அங்குல அளவைச் சேர்ந்தவை. கடையில் எளிதில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பானரைக் கொண்டு ஏறக்குறைய பொருந்துகிறதென்று திருகினால், நட்டின் மூலைகள் மழுங்கிப் பிறகு உளியால் வெட்டும்படி நேரும். மற்றொன்று, புதிதாய்க் கை வைப்பவர் யாரும் எதிர்பாராதது. பழைய வில்லிஸ் வண்டிகளில் இடப்பக்கத்துச் சக்கரங்களின் நட்டுகள் இடம்புரி மரை கொண்டவை. வழக்கப்படி கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போய், ஸ்டட்டை முறித்துவிட்டுச் சக்கரத்தின்மேல் பழி போட்டவர் பலர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுப்பதும், செங்கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்துவதும் அறவே கூடாது. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இரும்புத் தாங்கிகள் வாங்கும் பணம் வீண் செலவல்ல.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது பொறுமையுள்ள ஜீவன். பாயிண்டின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கும், பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 30 பங்குமாக இருக்கட்டும். ஸி.ஜே.3பி எஞ்சினின் வால்வுகளை அது குளிர்ந்திருக்கும்போது, உள்வாங்கும் வால்வுக்கு ஆயிரத்தில் 18, புகைபோக்கும் வால்வுக்கு 16 என்று வைத்தால் போதும். வண்டி கிளம்ப மறுத்தால் எடுத்தவுடன் கார்புரேட்டரைக் கழற்றுவது நம்மவர் வழக்கம். பத்தில் பாதி தரம் குற்றம் பாட்டரியின் எர்த் பட்டையிலே பூத்திருக்கும் துருவில் இருக்கிறது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கிரீஸ் விஷயம் அப்படியன்று. புதுக் கார்களிலே பெரும்பாலும் காணப்படாத கிரீஸ் நிப்பிள்கள் இதிலே வில்பட்டைக் கொக்கிகளிலும், டை ராடுகளிலும், புரொப்பெல்லர் ஷாப்ட்டின் சிலுவை மூட்டுகளிலும் உண்டு. ஆயிரம் மைலுக்கு ஒரு முறை இவை அனைத்திற்கும் கிரீஸ் அடித்தல் வேண்டும். ஆற்றையோ சேற்றையோ கடந்து வந்தால் அன்றே அடிப்பது நலம். பழைய கிரீஸும் நீரும் பிதுங்கி வெளிவரும் வரையில் அடிக்க வேண்டும். கியர் பாக்ஸிற்கும் அதன் பின்னுள்ள டிரான்ஸ்பர் கேஸிற்கும் தனித்தனி அடைப்புத் திருகாணிகள் உள்ளன. ஒன்றிலிருந்து எண்ணெய் மற்றொன்றுக்குப் போய்விடுவதுண்டாகையால், ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்தியடைதல் ஆகாது. ஒன்று பொங்கி வழிய, மற்றொன்று உலர்ந்து பல் சக்கரம் தேய்வதைக் காணலாம்.

டிரான்ஸ்பர் கேஸைக் கெடுப்பதற்குச் சுருக்கமான வழி, உலர்ந்த தார் ரஸ்தாவில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டுக்கொண்டு திரிவது. வளைவிலே முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இவ்வித்தியாசத்தை ஈடு செய்யும் ஏற்பாடு இவ்வண்டியின் நடுவே கிடையாது. மணலிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். தாரிலே வழுக்க இடமில்லாமையால், முறுக்கெல்லாம் பல் சக்கரங்களிலும் ஆக்ஸிலிலும் ஏறும். இளைஞர் சிலர் கம்பீரமாயிருக்கிறதென்று முன் லீவரைத் தள்ளி வைத்தபடியே ஊர்வலம் வருகின்றனர். கம்பீரத்தின் விலை பிறகு பட்டறையில் தெரியும்.

முன் சக்கர நடுக்கம் என்னும் நோய் பழைய ஜீப்புகளுக்குப் பொதுவானது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிறு பள்ளத்தில் விழுந்தவுடன் ஸ்டியரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு ஆடத் தொடங்கும். வண்டியைப் படிப்படியாக மெதுவாக்கி நிறுத்தினாலன்றி ஓயாது. இதற்கு ஸ்டியரிங் டாம்பர் என்ற சாமானைப் பூட்டிவிடுகிறார்கள். நோயை விட்டு முனகலை அடக்கும் வைத்தியம் இது. முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைக்க வேண்டும். ஆட்டம் மறைந்ததாயின் குற்றம் சக்கரத்துப் பேரிங்கில். மறையாவிட்டால் கிங் பின்னில். கிங் பின்னின் மேலும் கீழும் உள்ள பேரிங்குகளின் இறுக்கத்தை மெல்லிய ஷிம் தகடுகளைக் கொண்டு சரிப்படுத்தி, சுருள் தராசு ஒன்றால் இழுத்துப் பார்த்தல் வேண்டும். மத்தியிலுள்ள பெல் கிராங்கின் புஷ்ஷையும், வில்பட்டைக் கொக்கிகளையும், டயரின் காற்றையும் கூடவே சோதிப்பது அவசியம். தேய்மானம் ஒன்றோடொன்று சேர்ந்தே இந்த நடுக்கத்தை விளைவிக்கிறது.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ஜீப்பிற்கு மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே, குழாய் வழியும் ஒன்றே. எங்கோ ஒரு சக்கரத்தில் ஒரு ரப்பர் கிண்ணம் கிழிந்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இல்லை. அந்த மாஸ்டர் சிலிண்டரும் தரைப் பலகையின் கீழே, சேறும் தூசும் படும் இடத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமையால் எண்ணெய் குறைவதைக் கவனிப்பாரில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் கலந்த எண்ணெய் நீண்ட மலையிறக்கத்தின் சூட்டிலே கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் எதிர்ப்பின்றித் தரைவரை போய்விடும். இரண்டு வருஷத்திற்கு ஒரு முறை எண்ணெய் முழுவதையும் மாற்றிவிடுவதும், இறக்கத்திலே கீழ்க் கியரில் இறங்குவதும் இதனாலேதான் வற்புறுத்தப்படுகின்றன. காற்றை வெளியேற்றும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குக.

பிரேக் பாகங்களை மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் கழுவுகிறார்கள். இது பெருந்தவறு. அவ்வெண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப் பருத்துச் சில நாட்களில் சிலிண்டருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிரேக் எண்ணெயாலோ ஸ்பிரிட்டாலோ மட்டுமே கழுவ வேண்டும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. டிரம்மைத் திறந்தவுடன் வாயால் ஊதியோ காற்றடித்தோ தூசியைப் பறக்கவிடாமல், ஈரத் துணியால் துடைத்து அத்துணியைக் கட்டிப் போட்டுவிடுக. சிறுவர்களை அருகில் வைத்துக்கொள்ள வேண்டாம். டயரின் உட்புறத்தில் எண்ணெய்க் கறை தென்பட்டால், ஆக்ஸில் ஸீல் கசிந்து லைனிங் நனைந்திருக்கிறதென்று அறிக. நீரைக் கடந்த பின்னர், பெடலை லேசாக மிதித்தபடியே சிறிது தூரம் ஓட்டி டிரம்மை உலர்த்தாமல் வேகத்தைக் கூட்டலாகாது.

இக்காலத்துப் பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு 20 என்ற அளவை எட்டியது. எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களும், பெட்ரோல் பம்பின் டயாபரமும் இதனால் இளகிக் கசியக்கூடும். சூடான எஞ்சினின் பக்கத்தில் பெட்ரோல் கசிவதென்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்களை வாங்கி மாற்றுவது ஒரு மாலை வேலை. பல வாரங்கள் ஓடாமல் நிற்கப்போகும் வண்டியானால், கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுவது உத்தமம்.

சட்டத்தையும் மறத்தலாகாது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீஸல் எஞ்சினை வைப்பது ஜீப் உலகில் சகஜம். ஆனால் 1988 ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு இத்தகைய மாறுதல்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியின்றி மாற்றிய வண்டிக்கு விபத்துக் காலத்தில் இன்ஷியூரன்ஸ் கிடைப்பது சந்தேகமே. சொந்த உபயோக வண்டிகள் பதினைந்து வருஷத்திற்குப் பின் சோதனைக்குட்பட்டு, ஐந்தைந்து வருஷத்திற்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஐம்பது வயது கடந்தவற்றிற்கு 2021 இல் தனிப் பதிவு முறை ஏற்பட்டதாயினும், அவ்விதம் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. பிழைப்புக்கு ஓட்டுவோருக்கு அதனால் லாபமில்லை.

கிராங்க் ஷாப்ட்டைக் கடைவது, சிலிண்டரைத் துளைத்துப் பெரிதாக்குவது, டிஃபரன்ஷியலின் பல் பொருத்தத்தைச் சரி செய்வது இவற்றை வீட்டில் முயல வேண்டாம். நல்ல லேத்துப் பட்டறைக்கே கொடுத்துவிடுக. சாமான் வாங்கச் சென்னைப் புதுப்பேட்டைக்கோ வேறு பழைய சாமான் கடைத் தெருவுக்கோ போகிறவர்கள், கழற்றிய உருப்படியைக் கையோடு எடுத்துச் செல்லுதல் நலம். வில்லிஸ் காலத்துப் பாகத்திற்கும் பின்வந்த மாதிரிகளின் பாகத்திற்கும் பெயர் ஒன்றாயிருக்கும், அளவு ஒரு மயிரிழை வேறாயிருக்கும். கடைக்காரர் இரண்டும் ஒன்றே என்பார். பக்கத்தில் வைத்து அளந்து பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கவும்.