மணமகளின் தோழி

சென்ற பள்ளி விடுமுறைக்கு முன்னர், நம் தோட்டத்துத் தாயார் ஒருவர் அழைப்பிதழ் ஒன்றைக் கையிலேந்திப் பள்ளிக்கு வந்தார். பட்டணத்து மாதா கோயிலில் நடைபெறவிருந்த திருமணத்தில், மணமகளுக்குத் துணைநிற்க அவருடைய மூத்த மகளை அழைத்திருந்தனர். அவள் பெயருக்கு நேரே 'பிரைட்ஸ்மெய்ட்' என்று அச்சிட்டிருந்தது. ஐந்தாம் ஆண்டில் பயிலும் மகன் அதற்கு 'மணப்பெண்ணின் வேலைக்காரி' எனப் பொருள் கூறிவிட்டானாம்.

"பால்மரம் வெட்டிப் பிழைத்தாலும், என் மகளை நாலு பேர் முன்னால் வேலைக்காரியாக நிறுத்தமாட்டேன், ஐயா" என்றார் தாயார்.

பையனைக் கடிந்து பயனில்லை. 'மெய்ட்' என்பதற்கு அகராதியில் அப்பொருளும் உண்டு. ஆயினும் அச்சொல்லின் பழம்பொருள் மணமாகாத இளம்பெண் என்பதே. அவ்வாறே மணமகளுடன் நிற்கும் கன்னிப்பெண்ணைப் 'பிரைட்மெய்ட்' என்றனர்; நடுவிலுள்ள 'ஸ்' பின்னாளில் நுழைந்தது. மணமகனைக் குறிக்கும் 'பிரைட்குரூம்' என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. அதன் ஈறு பழைய ஆங்கிலத்தில் 'குமா'. ஆண்மகன் என்பது பொருள். அச்சொல் வழக்கொழிந்ததும் மக்கள் அதனைக் 'குரூம்' ஆக்கிவிட்டனர். குரூம் என்றாலோ குதிரையைப் பராமரிப்பவன்! தோழி வேலைக்காரியென்றால் மாப்பிள்ளை குதிரைக்காரர் ஆகவேண்டும் என்றோம். தாயார் சிரித்துவிட்டார்.

1947ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இளவரசி எலிசபெத்தின் திருமணம் நடந்தது. அன்று தோழியராய் நின்ற எண்மருள் ஒருவர் அவருடைய தங்கை, இளவரசி மார்கரெட். மன்னர் மகளே ஏற்ற பணி அது என்பதையும் தாயாருக்கு எடுத்துரைத்தோம்.

பணியும் கடினமன்று. மணமகளின் முக்காட்டையும் நீண்ட ஆடையையும் ஒழுங்குசெய்தல், மோதிரம் மாற்றுங்கால் மலர்ச்செண்டை வாங்கி வைத்திருத்தல், பதற்றம் மிகுந்தால் ஒரு சொல் கூறித் தேற்றுதல் ஆகியவையே. நம் மலாய் அண்டைவீட்டார் திருமணத்தில் மணமேடையருகே நின்று விசிறும் பெண்ணைப் 'பெங்ஙாப்பிட்' என்பர். இருமருங்கும் நெருங்கி நிற்றலைக் குறிக்கும் 'ஆப்பிட்' என்பதிலிருந்து வந்த சொல் அது. நம் சங்க இலக்கியத் தோழியோ இவர்கள் அனைவரினும் துணிந்தவள். தலைவியின் காதலைச் செவிலித்தாயிடம் உரைத்து, மணம் முடிக்க வழிசெய்பவள் அவளே. அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயரும் உண்டு.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்த நம் நாட்டுத் திருமணச் சட்டத்தின்படி, பதிவதிகாரி நீங்கலாக நம்பத்தக்க சாட்சிகள் இருவரேனும் முன்னிற்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாமல் விட்டுப் பின்னர்ப் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திற்காக அலைந்த பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். மாதா கோயில் திருமணங்களில் தோழியே சாட்சியாகக் கையொப்பமிடுவதும் உண்டு.

அந்த மகளுக்கு வயது இருபத்திரண்டு. திருமணத்தன்று பதிவேட்டில் அவளும் கையொப்பமிட்டாள்; தமிழிலேயே இட்டாளாம்.