ஐந்தரை டிகிரி வானத்துக்கு ஒரு தொலைநோக்கி

பினாங்கின் ஜார்ஜ் டவுன் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 5.4 டிகிரியில் இருக்கிறது. இங்கே தொலைநோக்கி வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு எது உதவும், எது வீண் செலவு என்பதில் பாதியை இந்த ஒரே எண் முடிவுசெய்துவிடும்.

கோள்கள் போகும் பாதை பினாங்கின் தலைக்கு மேலேயே ஓடுகிறது. வியாழனும் சனியும் உச்சிக்கு வரும்போது இங்கே ஏறத்தாழ 60 டிகிரி உயரத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. லண்டனில் சில ஆண்டுகளில் வியாழன் 15 டிகிரியோடு நின்றுவிடும். அதன் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்கு காற்றைக் கடந்து வரவேண்டும். உருவம் அலைந்துகொண்டே இருக்கும். பிலிப்பைன்சின் செபு நகரம் நம்மைப்போலவே பூமத்திய ரேகையை ஒட்டியது. அங்கிருந்து கிறிஸ்டோபர் கோ என்ற அமெச்சூர் 2006 பிப்ரவரியில், வியாழனின் வெண்புயல் ஒன்று சிவந்துவிட்டதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அவரிடம் இருந்தது 11 அங்குலத் தொலைநோக்கி. செபுவும் விளக்குகள் நிறைந்த ஊர்தான். கோள்கள் பிரகாசமானவை, நகர வெளிச்சம் அவற்றை மறைப்பதில்லை. ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்து அடுக்குமாடியின் மொட்டைமாடியிலிருந்தும் சனியின் வளையத்தைப் பார்க்கலாம்.

ஆகவே குடும்பத்துக்கு என் பரிந்துரை 6 அங்குல டாப்சோனியன் வகை ஆடித் தொலைநோக்கி. பெட்டியில் 500 மடங்கு, 600 மடங்கு என்று அச்சிட்டு விற்கும் சின்னக் குழாய்கள் வேண்டாம். உருப்பெருக்கம் கண்வில்லையை மாற்றினால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும். ஆனால் ஒவ்வொரு மில்லிமீட்டர் விட்டத்துக்கும் சுமார் 2 மடங்குக்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். 60 மில்லிமீட்டர் குழாய்க்கு 120 மடங்கே எல்லை. ஆனால் 6 அங்குல, அதாவது 150 மில்லிமீட்டர் ஆடி, இருட்டில் முழுக்க விரிந்த கண்மணியைவிட 450 மடங்குக்கும் அதிகமான ஒளியைத் திரட்டும்.

இந்த வகைக்குப் பெயர் தந்த ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர். அந்தச் சங்கத்தின் ராமகிருஷ்ண மரபு, ஸ்காட்லாந்து சாலை ராமகிருஷ்ண ஆசிரமத்தை அறிந்த பினாங்குத் தமிழருக்கு அந்நியமானதல்ல. டாப்சன் கப்பல் சன்னலின் தடித்த கண்ணாடியைக் கையால் தேய்த்து ஆடி செய்தார். அதைச் சாதாரண மரப்பெட்டியில் சுழலும்படி வைத்துத் தெருவுக்கு உருட்டிப்போய், போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். 1968இல் நண்பர்களுடன் நடைபாதை வானியலாளர் அமைப்பைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்ற அந்த எண்ணம்தான் இந்தக் கருவியின் எளிமைக்குக் காரணம் என்று நினைக்கிறேன். 120 மடங்கில் சனி ஒன்றரை நிமிடத்தில் பார்வையைவிட்டு நழுவும்; குழாயை விரலால் லேசாகத் தள்ளினால் திரும்ப வந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளையும் பழகிக்கொள்ளும். நேர் உச்சியில் மட்டும் இது முரண்டுபிடிக்கும். கோள் அங்கே ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னோ பின்னோ பார்ப்பது நல்லது.

தண்ணீர்மலை முருகன் கோயிலில் கூட்டம் நிறையும் தைப்பூச இரவு நிலாவைப் பார்க்க ஏற்றதல்ல. முழுநிலவில் ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இராது. அதற்கு ஒரு வாரம் முன்பு, அரைநிலாவின் ஒளி விளிம்பில் குழாயைத் திருப்புங்கள்: மலையுச்சிகள் இருட்டுக்குள் தனிப்புள்ளிகளாக ஒளிர்வது தெரியும். பூச நட்சத்திரத்துக்கு நடுவே எம்44 என்ற விண்மீன் கூட்டமும் இருக்கிறது. தைப்பூசத்தன்று அதை நிலவொளி விழுங்கிவிடும். இரு வாரம் கழித்து மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் தேடினால் கிடைக்கும்.

ஈரக்காற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். முன்பக்கம் கண்ணாடித் தகடு மூடிய தொலைநோக்கிகளில் சீக்கிரம் பனி படியும். டாப்சோனியனின் ஆடி குழாயின் அடியில் இருப்பதால் நெடுநேரம் தாங்கும். கண்வில்லைகளைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

படம் எடுப்பது வேறு வேலை. கோள்களுக்கு இதே டாப்சோனியன் போதும். கண்வில்லை இடத்தில் சிறு கேமரா வைத்து வீடியோ எடுத்து, ஆயிரக்கணக்கான சட்டங்களில் காற்று அசையாத நொடிகளை மட்டும் கணினி பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால் ஒவ்வொரு வீடியோவையும் சில நிமிடங்களுக்குள் முடிக்கவேண்டும்.

நெபுலாக்களுக்கு நீண்டநேர ஒளிப்பதிவு வேண்டும். அதற்கு வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் ஈக்வடோரியல் மவுண்ட் என்ற தாங்கி தேவை; அதன் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்க வேண்டும். நமக்குத் துருவ நட்சத்திரமோ நீட்டிய கையின் அரை முஷ்டி உயரத்தில், புகைமூட்டத்துக்குள் கிடக்கிறது. சில மவுண்ட்டுகள் அவ்வளவு தாழச் சாயவே சாயா. வாங்குமுன் அதன் குறைந்தபட்ச அட்சரேகையைக் கேட்டறியுங்கள். தொடங்குபவருக்குச் சீஸ்டார் எஸ்50 போன்ற 50 மில்லிமீட்டர் தானியங்கிக் கருவி மேல். அது கிடைமட்டமாகவும் மேல்கீழாகவும் மட்டும் திரும்புவதால், தொடர்ந்து எடுக்கும்போது படம் மெல்லச் சுழலும். அந்தச் சுழற்சி வடக்கிலும் தெற்கிலும் அதிகம். நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் பூஜ்யம்.

இந்த இரு திசைகளில், ஜார்ஜ் டவுனின் கிழக்கே பட்டர்வொர்த் விளக்குகள். தீவின் மேற்கே பாலிக் புலாவ் பக்கம் கடல்தான், இருட்டும் அதிகம். ஏப்ரல் மாலைகளில் ஓரியன் நெபுலா அந்தக் கடல்மேல் ஏறத்தாழ நேர் மேற்கில் இறங்கும். படமும் அப்போது அதிகம் சுழலாது.