லாரியிலிருந்து இறங்கியவர்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் கொண்டையூசி வளைவுகள் நாற்பது. நோய் முற்றியவரை அவ்வழியே சமவெளி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் இரவில், தம் தலையைத் தாங்கும் மடி எந்தச் சமயத்தாருடையது என்று நோயாளி கேட்பதில்லை. அம்மடியை நினைக்கும்போதெல்லாம் 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்த ஒன்று என் நெஞ்சில் எழுகிறது.

உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த இளைஞர் இருவர். ஒருவர் தாழ்த்தப்பட்ட வகுப்பு இந்து, மற்றவர் இஸ்லாமியர். பால்ய நண்பர்களாகிய இருவரும் குஜராத்தின் சூரத் நகரத்து ஆலைகளில் உழைத்து வந்தனர். கொரோனா ஊரடங்கினால் வேலை நின்றது. ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சொந்த ஊருக்குத் திரும்ப, தொழிலாளர் நெருங்கி நின்ற லாரி ஒன்றில் ஏறினர். கடும் வெயில். வழியில் இந்து இளைஞருக்குக் காய்ச்சல் கண்டது. தொற்றுநோயோ என்று மற்றவர்கள் அஞ்சினர். மத்தியப் பிரதேசத்துக் கோலாரஸ் அருகே அவரை இறக்கிவிட்டனர்.

உடன் இறங்கினார் நண்பர். சாலையோரத்தில் அமர்ந்து, நினைவிழந்தவரின் தலையை மடியில் கிடத்தி, நீர் தெளித்துக் காத்திருந்தார். அக்காட்சியின் புகைப்படத்தை நாடே கண்டது. சிவபுரி மருத்துவமனையில் அவ்விளைஞர் உயிர் நீத்தார். உடலை ஊர் கொண்டுவந்து சேர்த்தவரும் அந்த நண்பரே. இருவருக்கும் கொரோனா இல்லை என்பது பின்னரே தெரிந்தது. இறங்கிய வேளையில் அதை அவர் அறியார். பத்திரிகையாளர் பஷாரத் பீர் இதனை எழுதினார்; அதைத் தழுவி 2025-இல் 'ஹோம்பவுண்ட்' என்னும் இந்தித் திரைப்படமும் வெளிவந்தது.

நல்ல சமாரியரும் தம் பயணத்தை நிறுத்தியே காயமுற்றவரை அணுகினார். ஆயினும் அவருக்கு முன்பின் அறிமுகமில்லை. இங்கோ, லாரியிலிருந்து இறங்கிய துணிவு அந்த ஒரு நொடியில் பிறந்ததன்று. ஒரே தெருப்புழுதியில் ஆடிய இளமையிலேயே அது விதைக்கப்பட்டுவிட்டது.

பெற்றோரே, இன்று நம் தேயிலைத் தோட்டங்களிலும் வடமாநிலத்தார் குடும்பத்தோடு வந்து உழைக்கின்றனர். அவர்களுடைய பிள்ளையோடு நம் பிள்ளை விளையாடும்பொழுது, "அவர்கள் வேறு" என்று கூறிக் கையைப் பிடித்து இழுத்து வராதீர்கள். வாழ்க்கைப் பயணத்தில் என்றேனும் நம் பிள்ளை இறக்கிவிடப்படலாம். உடன் இறங்கப்போகிறவன் அந்தப் பிள்ளையாகவே இருக்கக்கூடும்.