சக்கரம் வழுக்குவதும் வண்டி திசை மாறுவதும்

பத்தாம் வகுப்பில் இயக்க விதிகள் பாடம் நடத்தியபோது ஒரு மாணவன் கேட்டான்: "சார், எங்க மாமா கார்ல டிராக்‌ஷன் கண்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல்னு ரெண்டு இருக்காம். ரெண்டும் ஒண்ணுதானே?" எனக்கும் உடனே விடை தெரியவில்லை. படித்துவிட்டு மறுநாள் விளக்கினேன். உராய்வையும் திருப்புத்திறனையும் ஒன்றாகப் புரியவைக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

டிராக்‌ஷன் கண்ட்ரோல்: சேற்றிலோ ஈரச் சாலையிலோ ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வேக உணரி இதைக் கண்டறியும். உடனே இன்ஜின் திறன் குறைக்கப்படும். அல்லது வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கப்படும். வண்டி எந்தத் திசையில் போகிறது என்பது இதன் கவலை அன்று.

ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல்: இது திசையைக் கவனிக்கிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினார், வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று உணரிகள் மூலம் ஒப்பிடும். வளைவில் வண்டியின் பின்பகுதி வெளிப்புறம் சறுக்கினால், வெளிப்பக்க முன்சக்கரத்துக்குப் பிரேக் கொடுக்கும். வண்டி திரும்பாமல் நேரே போனால், உட்பக்கப் பின்சக்கரத்துக்குக் கொடுக்கும். ஒரு சக்கரத்தில் மட்டும் விசை செயல்படுவதால் திருப்புத்திறன் உண்டாகி, வண்டி சரியான திசைக்கு வருகிறது.

1995இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் இது அறிமுகமானது. 1997இல் ஸ்வீடனில், குறுக்கே வரும் விலங்கைத் தவிர்ப்பதுபோல் சட்டென்று வளைத்து ஓட்டிய சோதனையில் அதே நிறுவனத்தின் ஏ கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதன்பின் அந்தச் சிறிய காரிலும் இவ்வசதி கட்டாயம் பொருத்தப்பட்டது.

வகுப்பறைச் செயல்பாடு: மேசைமீது ஒரு புத்தகத்தை நேராகத் தள்ளச் சொல்லுங்கள். நகரும்போது அதன் ஒரு பக்க ஓரத்தை மட்டும் விரலால் லேசாக அழுத்துங்கள். புத்தகம் அந்தப் பக்கமாகத் திரும்பும். ஒரு சக்கரப் பிரேக்கின் வேலை மாணவர்களுக்குக் கண்ணெதிரே விளங்கிவிடும்.

முடிவாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு அமைப்புகளும் இருக்கும் உராய்வைச் சரியாகப் பயன்படுத்துமே தவிர, புதிதாக உராய்வை உண்டாக்கா. தேய்ந்த டயருக்கும் ஈரச் சாலைக்கும் இவை மாற்று அல்ல. ஒரே வளைவில் வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் மையநோக்கு விசை நான்கு மடங்காகும். நம் மாணவர்கள் இன்னும் சில ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகிறவர்கள். தேர்வுக்குப் பிறகும் அவர்கள் நினைவில் இருக்க வேண்டிய கணக்கு இது.