மருதாணி வேலி வெட்ட வெட்ட ஏன் அடர்கிறது?

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதி, சித்தூர் பக்கத்தில் தெருப் பார்வையை மறைக்க மேல்நாட்டுப் பிரிவெட் செடியைத் தேட வேண்டியதில்லை. வறட்சி தாங்கும் மருதாணி போதும்.

வெட்டினால் ஏன் அடர்கிறது? நுனிக்குருத்தில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே இறங்கி, பக்க மொட்டுகளை உறங்க வைத்திருக்கும். நுனியை வெட்டினால் அந்தத் தடை விலகும். ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிளம்பும். அதனால் ஆளுயரம் வரட்டும் என்று காத்திருப்பது வீண். மனசு கேட்காவிட்டாலும், முழங்கால் உயரத்திலேயே முதல் வெட்டு விழ வேண்டும்.

அடிப்பக்கம் மொட்டையாகிறதா? மேல்பகுதி அகன்று, கீழ் இலைகளுக்கு வெயில் படாமல் மறைத்துவிட்டது. அடி அகலமாக, தலை குறுகலாக வெட்டுங்கள்.

மழைக்காலத் தொடக்கத்தில், ஓர் அடி இடைவெளியில் குச்சி நடலாம். வெட்டிய தழையை எறியாதீர்கள். அரைத்தால் கைக்கு ஆகும்.