மலையேற்றத்தின்போது மாதவிடாய்த் தூய்மை

மலையேற்றத்தின்போது மாதவிடாய்த் தூய்மை என்பது, கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் இல்லாத மலை, காட்டுப் பகுதிகளில் மாதவிடாய் நாட்களை உடல்நலத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் கேடின்றிக் கடக்கும் முறையாகும். விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா வரும் மாணவியருக்கும் இது பயன்படும். அங்குள்ள ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரமுடையது.

ஏறும் முன்

அடிவாரத்திலேயே புதிய நாப்கின் அணிந்துகொள்ள வேண்டும். அதை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்றுவது நல்லது. சிலிக்கோன் மாதவிடாய்க் கப்பை 12 மணி நேரம் வரை அணியலாம். ஆனால் முன்பே வீட்டில் பழகியிருக்க வேண்டும். சிறுநீர் கழிக்க அஞ்சித் தண்ணீர் குடிக்காதிருப்பது தவறு. பாறை வெயிலில் மயக்கமும், பின்னர் சிறுநீர்த் தொற்றும் வரக்கூடும்.

கழிவு

நாப்கினில் உள்ள பிளாஸ்டிக் எளிதில் மக்காது. புதைத்தால் விலங்குகள் தோண்டிவிடும். பாறை இடுக்கில் செருகினால் குரங்குகள் இழுத்துப் போடும். தாளில் சுற்றி, மூடக்கூடிய பையில் இட்டுக் கீழே கொண்டுவருவதே சரி. காட்டில் கப்பின் உதிரத்தை நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி, அரையடிக் குழியில் ஊற்றி மூடலாம். செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது; அங்கே தோண்டக் கூடாது.

ஆசிரியர் கவனத்துக்கு

உடன் செல்லும் ஆசிரியை கூடுதல் நாப்கின்களை வைத்திருந்து, புறப்படும் முன்பே மாணவியரிடம் சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் மலையேறத் தடையன்று. வலி மிகுந்தால் பாதி வழியில் திரும்புவதும் குறையன்று.